நடுவில் கிடப்பதில் பாதி

பெயிண்டர் எப்போது பொய் சொல்கிறார் என்பது எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் பெயிண்டர்தான்.

வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயிண்டர் இல்லை. நசுங்கி வரும் கார்களைத் தட்டி நிமிர்த்திய பிறகு, அடிபட்ட இடமே தெரியாதபடி நிறம் அடித்துக் கொடுப்பவர். நாலாவது மாடி. பிள்ளைகள் இல்லை. மனைவிக்கு ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. ஊரார் படுத்துக் கசக்கிய விரிப்புகளையெல்லாம் நாள் முழுக்க நின்றபடி நீவி மடித்துவிட்டு வந்து, தன் வீட்டுப் படுக்கையை உதறக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே விழுவாள். இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. நான் கீழ்த் தளம். படிக்கட்டை ஒட்டிய ஜன்னல் என்னுடையது. ஆளில்லாத வீடுகளுக்கு வரும் பார்சலெல்லாம் என்னிடம்தான் இறங்கும். அதை வாங்க வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு சும்மா போவதில்லை, நின்று நாலு வார்த்தை கொட்டிவிட்டுத்தான் போவார்கள். நானாகப் போய் எதையும் தோண்டியதில்லை. கொட்டினதை அள்ளி வைத்துக்கொள்வதோடு சரி.

ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. படி கழுவ ஆளும் கிடையாது. வீட்டுக்காரரிடம் கேட்டால், "உங்க காலு, உங்க அழுக்கு" என்பார். அதனால் குடியிருப்பவர்களே முறை வைத்து மேலிருந்து கீழ்வரை கழுவியாக வேண்டும். வேலைக்குப் போய் வந்த உடம்போடு வாளியும் துடைப்பமுமாக ஐந்து மாடி இறங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். ஆளாளுக்குச் சாக்கு. "இந்த வாரம் நீங்க பாருங்க, அடுத்த வாரம் நான் பாக்கறேன்" என்று ஒருவர் இன்னொருவர் தலையில் கட்டுவார். அந்த அடுத்த வாரம் வராது. அப்புறம் படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறுவதற்கு எங்கள் படிக்கட்டு தோதானது இல்லை, அவ்வளவு குறுகல்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் மூன்றாம் மாடி டிரைவிங் மாஸ்டர். கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, உயிரைக் கண்டவர் கையில் கொடுத்து வாழ்கிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தக் காலை அசைக்கவே மாட்டேன் என்பார்.

"போக்கர் ஆடலாம்" என்றார். "உலகம் பூரா காசு வச்சு ஆடறாங்க. நம்மகிட்ட அது ஏது? நம்ம படிய வச்சு ஆடுவோம்."

இரண்டாம் மாடித் தையல்காரர் ஒரு டப்பா நிறையக் கறுப்புப் பொத்தான்கள் கொண்டுவந்தார். ஒரு பொத்தான் என்றால் ஒரு முறை படி கழுவுவது. ஜெயித்தவர் பொத்தானை நீட்டினால் தோற்றவர் வாளியைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். சைக்கிள் நிறுத்தும் அறையில், கழற்றிப் போட்ட பழைய கதவொன்றை இரண்டு டிரம் மேல் கிடத்தி மேசையாக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாஸ்டர், தையல்காரர், பெயிண்டர், ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் சூப்பர் மார்க்கெட் கேஷியர் பெண், நாலு பேரும் உட்காருவார்கள். சீட்டுப் போடுவது நான். எனக்குக் கழுவப் படி கிடையாதே, ஆகையால் நடுநிலை! சும்மா இருக்கும் மதியத்தில் இதைவிட நல்ல இருக்கை எனக்கு எங்கே கிடைக்கும்?

ஆட்டம் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு, அவரவர் மட்டும் பார்த்துக்கொள்வது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பேன். கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து யாரிடம் நல்ல ஜோடிகள் அமைகின்றனவோ அவருக்கு எல்லாம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பொத்தான் வைக்கலாம். ஒருவர் வைத்தால் மற்றவர்களும் அதே அளவு வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ளலாம். எவ்வளவு வைப்பது என்பதற்கு வரம்பு கிடையாது. ஒன்றும் வைக்கலாம், முன்னால் இருக்கும் அத்தனையையும் தள்ளிவிடலாம். எல்லோரும் கவிழ்த்துவிட்டால் கையில் குப்பையை வைத்திருந்தவர்கூட ஜெயித்தவர்தான்.

ஆகவே சீட்டைவிடப் பெரிய விஷயம், எவ்வளவு வைப்பது என்பதுதான். நல்ல சீட்டு வந்திருக்கிறதே என்று நிறைய வைத்தால் மற்றவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள். கொஞ்சமாக வைத்தால் ஜெயித்தும் கையில் ஒன்றும் தேறாது. குப்பையை வைத்துக்கொண்டு மிரட்டுவதானால் எவ்வளவு மிரட்டலாம்? இந்தக் கணக்குத்தான் ஆட்டம். மாஸ்டர் இதைப் பற்றி வாரக்கணக்கில் பேசுவார். கேஷியர் பெண், "மாஸ்டர், கியரைப் போட்டுக் கிளம்புங்க" என்பாள்.

பெயிண்டருக்கு இந்தக் கணக்கு வரவே இல்லை. நல்ல சீட்டு வந்தால் மனிதர் மூச்சுவிடப் பயப்படுவார். தூங்குகிற குழந்தையைக் கீழே கிடத்துவதுபோல ஒரே ஒரு பொத்தானை நடுவில் வைப்பார். குப்பை வந்தாலோ ஒரு பிடி அள்ளி, கதவு அதிர வீசுவார். "இந்தா! யாருக்கு தைரியம் இருக்கோ வாங்க!" என்று ஒரு வசனம் வேறு. பிறகு இருமுவார்.

மூன்று ஞாயிறுக்குள் எல்லோரும் படித்துவிட்டார்கள். ஒற்றைப் பொத்தான் வந்தால் மூன்று பேரும் சொல்லிவைத்தாற்போலச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு முதுகை நெட்டி முறிப்பார்கள். ஒரு பிடி வந்தால், "சரிண்ணே, பாத்துடுவோம்" என்று ஆற அமர அள்ளிக்கொள்வார்கள். பெயிண்டருக்கு ஏன் என்றே புரியவில்லை. "எனக்கு மட்டும் நேரம் சரியில்ல" என்பார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? பெயிண்டர் தோற்கும்வரை மற்ற வீடுகளில் யாரும் வாளி தூக்க வேண்டாமே.

தூக்கியது யார் என்பதுதான் விஷயம். பெயிண்டர் குனிந்தால் இருமல் பிடித்துக்கொள்ளும், பெயிண்ட் தூசி. ஆகவே தோற்றது அவர், கழுவியது அவர் மனைவி. நாலு மாதமாக அந்தப் படிக்கட்டு முழுவதும் அவள் தலையில்தான். வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியோடு இறங்குவாள். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கிக் கிடக்கும்.

ஒருநாள் என் வாசலில் கடைசிப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். வாய் சும்மா இருக்குமா எனக்கு?

"உன் வீட்டுக்காரர் ஏன் தோக்கறாருன்னு தெரியுமா?" என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள், சுவரில் தலையைச் சாய்த்தபடி. "இருக்கறப்ப கொஞ்சமா வைப்பாரு. இல்லாதப்ப நிறைய வைப்பாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டம் நடக்கும் அறைப்பக்கம் அவள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து பாக்கறேனே." அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதையும் பாதியில் விட்டுவிட்டாள். "லேட்டாயிடுச்சுன்னு மட்டும் சொன்னா நிஜமாவே வேலை. பஸ் கெட்டுப்போச்சு, இன்னொரு பஸ்ல ஏறினேன், அதுல ஒருத்தன் மயங்கி விழுந்தான், நாந்தான் தண்ணி தெளிச்சேன்னு சொன்னா எங்கயோ உக்காந்து அரட்டை. ஜன்னலுக்குப் புதுத் துணி வாங்கிப் போட்டேன். 'ம்'முன்னாரு. அப்படின்னா பிடிச்சிருக்கு. அதுக்கு முந்தின துணிக்கு அரண்மனை மாதிரி இருக்குன்னாரு. அன்னைக்கே கழட்டிட்டேன்."

"அடிப்பாவி, அப்ப அவர்கிட்ட சொல்றதுதானே? நீதானே முதுகொடியக் கழுவறே."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் இல்லாத ஒரு பயம் முகத்தில்.

"வேண்டாம்க்கா. நீங்களும் சொல்லிடாதீங்க. அங்க கத்துக்கிட்டா வீட்லயும் அப்படித்தானே ஆவாரு? எனக்கு அவரைத் தெரியறது அது ஒண்ணாலதான். படி கழுவினா கால் வலிக்கும். வலிச்சுட்டுப் போகுது."

வாளியை எடுத்துக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். நான் இந்த விஷயத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. நம்ப மாட்டீர்கள், ஆனால் சொல்லவில்லை. என் வாழ்நாளில் அதிகம் வயிறு உப்பியது அந்த வாரங்களில்தான்.

கெடுத்தது கேஷியர் பெண்ணின் நல்ல மனசு. ஒரு சனிக்கிழமை சாயந்திரம் அவள் கால் வலிக்க மேலே ஏறும்போது, மூன்றாம் மாடித் திருப்பத்தில் பெயிண்டர் மனைவி துடைப்பத்தைக் கட்டிப்பிடித்தபடி படியில் உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தாளாம். எழுப்பாமல் தாண்டிப் போக முடியாத இடம். வாளியை நகர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து, அவளாக விழிக்கும்வரை இருந்துவிட்டு மேலே போயிருக்கிறாள்.

மறுநாள் மதியம் ஆட்டத்தில் பெயிண்டர் வழக்கம்போல ஒரு பிடி அள்ளி வீசினார். "இந்தா! தைரியம் இருக்கறவங்க வாங்க!"

கேஷியர் பெண் தன் சீட்டை மேசைமேல் எறிந்தாள். "அண்ணே, உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? கையில ஒண்ணுமில்லாதப்பதான் நீங்க அள்ளி வீசறீங்க. நல்லது வந்தா ஒத்தப் பட்டன் வச்சுட்டுத் திருட்டுப்பூனை மாதிரி பாக்கறீங்க. நாலு மாசமா நாங்க உங்க சீட்டப் பாக்கல, உங்க பட்டனப் பாத்துதான் ஆடறோம். அங்க அந்தம்மா படியில தூங்குது!"

தையல்காரர் தன் விரல் நகத்தை ஆராய்ந்தார். மாஸ்டர் மேசைக்கடியில் எதையோ தேடினார், அநேகமாக பிரேக்கை.

பெயிண்டர் தன் முன்னால் கிடந்த பொத்தான்களைப் பார்த்தார். பிறகு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என் முகத்தையும்தான்.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்றார்.

மாஸ்டருக்கு மட்டும் குற்ற உணர்ச்சி வாயைத் திறந்துவிட்டது. "பெயிண்டரே, இதுக்கு ஒரு வழி இருக்கு. நடுவுல எவ்வளவு கெடக்கோ அதுல பாதி வையுங்க. நல்ல சீட்டா, பாதி. குப்பையா, பாதி. எப்பவும் பாதி. யாராலயும் உங்களப் படிக்க முடியாது."

ஒரு பழக்கத்தைத் தூக்கிப் போடுவது லேசில்லை என்பார்கள். இவர் ஒரே வாரத்தில் போட்டார். அவமானத்துக்கு அவ்வளவு பலம். நடுவில் கிடப்பதை ஒரு பார்வை பார்ப்பார், அதில் பாதியை எண்ணி வைப்பார், கையை மடியில் வைத்துக்கொள்வார். வசனம் நின்றுபோனது. மாஸ்டர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தார், பிறகுதான் பெயிண்டர் கையில் குப்பை என்று தெரிந்தது. அடுத்த தடவை விடக் கூடாதென்று கூடவே வைத்தார், பெயிண்டரிடம் இரண்டு ராஜா இருந்தது. "நானே என் காருக்குக் குறுக்கே பள்ளம் தோண்டிட்டேன்" என்று மாஸ்டர் புலம்பினார்.

இரண்டு மாதத்தில் பொத்தான் டப்பாவே பெயிண்டர் வீட்டுக்குப் போய்விட்டது. மாஸ்டர் வாளி தூக்கினார். தையல்காரர் ஊசியை எடுக்கும் லட்சணத்தில் துடைப்பத்தைப் பிடித்துக் கழுவினார், அவர் கழுவிய பிறகு படி முன்பைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. பெயிண்டர் மனைவி வேலைவிட்டு வந்ததும் நேரே படுக்கைக்குப் போக முடிந்தது. ஆனால் அவள் முகத்தில் தூங்கின களையே இல்லை. பார்சல் எதுவும் வராத நாளிலும் என் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள்.

"இப்பல்லாம் எதக் கேட்டாலும் ஒரே மாதிரி சொல்றாருக்கா" என்றாள் ஒருநாள். "நல்லாத்தான் இருக்கு. பரவால்ல. பாத்துக்கலாம். சண்ட போட்டாக்கூட பாதிதான் போடறாரு."

"ஆம்பளைங்க அளவாப் பேசக் கூடாதான்னு ஊர்ல பொம்பளைங்க தவம் கிடக்கறாங்க. நீ என்னடான்னா..."

அவள் சிரிக்கவில்லை. நானும் நிறுத்திக்கொண்டேன்.

இருமல் மட்டும் பாதியாகவில்லை. நாலாம் மாடியில் அவர் இருமினால் கீழே எனக்குக் கேட்கும். தூசி என்றார், சளி என்றார். ஒரு காலையில் வேலைக்குப் போகிற நேரத்தில் வேலைச் சட்டை இல்லாமல் நல்ல சட்டையில் இறங்கிப் போனார். நான் பார்த்தேன் என்று சொல்லத் தேவையில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். பெண்டாட்டியிடம்கூட அப்புறம்தான் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் கழித்து முடிவு தெரிந்துகொள்ளவும் தனியாகவே போய் வந்தார்.

அன்று சாயந்திரம் அவள் கீழே வந்தாள். ஹோட்டல் சீருடையைக்கூட மாற்றவில்லை. கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"என்ன சொன்னாங்களாம்?" என்றேன்.

"ஒண்ணும் பெருசா இல்ல. மறுபடி வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. போயிட்டு வந்துடறேன். இதான் சொன்னாரு."

"அப்ப நல்லதுதானே."

"நானும் வரேன்னேன். எதுக்கு, உனக்கு லீவு கிடைக்காது, நான் பாத்துக்கறேன்னாரு. அதையும் இதே மாதிரிதான் சொன்னாரு." அவள் கையை விரித்துக் காட்டினாள், அதில் எதையோ எடைபோடுவதுபோல. "முன்னெல்லாம்னா தெரிஞ்சுடும்க்கா. ஒண்ணுமில்லன்னா 'ஒண்ணுமில்ல'ன்னுட்டுத் தட்டப் பாத்து உக்காந்துடுவாரு. ஏதாவது இருந்தா, டாக்டரே என் நெஞ்சப் பாத்து அசந்துட்டாரு, காளை மாதிரி இருக்கீங்கன்னாருன்னு ஆரம்பிப்பாரு. இப்ப ரெண்டுமில்ல. நடுவுல நிக்கறாரு."

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் உட்காரவில்லை.

"நீங்கதானே சீட்டுப் போடறீங்க" என்றாள். "பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. இப்ப அவரு கையில இருக்கறத எப்படிக் கண்டுபிடிக்கறது? கண்ணுல, கையில, ஏதாவது?"

"கண்டுபிடிக்க முடியலம்மா. யாராலயும் முடியல."

வீங்கிய காலை மாற்றி மாற்றி வைத்தாள். பிறகு, "எனக்கு அந்த ஆட்டத்தச் சொல்லிக் குடுங்க" என்றாள். சொல்லிக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டாள், ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள். "எவ்வளவு வேணும்னாலும் வைக்கலாமா?"

"முன்னால இருக்கறது எல்லாத்தையும் வைக்கலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பெயிண்டருக்குப் பின்னாலேயே அவளும் இறங்கி வந்தாள். முந்தானையில் வீட்டு டப்பாவிலிருந்து எடுத்த பொத்தான்கள். தையல்காரருக்கு அன்று ஒரு கல்யாண வீட்டுத் துணி முடிக்க வேண்டியிருந்தது, அவர் இடம் காலி. அங்கே போய் உட்கார்ந்தாள், சரியாகப் புருஷனுக்கு எதிரே.

"நீ எதுக்கு இங்க?" என்றார் பெயிண்டர்.

"சும்மா. நாளெல்லாம் நிக்கறேன். கொஞ்சம் உக்காந்து பாக்கறேன்."

"வரட்டும் வரட்டும்" என்றார் மாஸ்டர். வீட்டுக்குள்ளேயே பொத்தான் கைமாறினால் தனக்கு நல்லது என்று கணக்குப் போட்டிருப்பார்.

முதலில் சில ஆட்டங்கள் அவள் கவிழ்த்துக்கொண்டே இருந்தாள். சீட்டைப் பார்த்த நேரம் கொஞ்சம், பெயிண்டரைப் பார்த்த நேரம்தான் அதிகம். அவர் ஒருமுறை இருமியபோது எல்லோரும் காத்திருந்தோம். இருமி முடித்துவிட்டு நடுவில் கிடந்ததில் பாதியை எண்ணி வைத்தார்.

அப்புறம் அந்த ஆட்டம் வந்தது. முதல் மூன்று சீட்டைத் திறந்ததுமே மாஸ்டரும் கேஷியர் பெண்ணும் விலகிக்கொண்டார்கள். பெயிண்டர் பாதி வைத்தார், அவளும் அதே அளவு வைத்தாள். நாலாவது சீட்டு, மறுபடி பாதி, மறுபடி அவளும் வைத்தாள். ஐந்தாவதையும் திறந்தேன். நடுவில் இரண்டு ஒன்பது, ஒரு ராஜா, ஒரு ஜாக்கி, ஒரு நாலு. இந்த முறை முதலில் வைக்க வேண்டியது அவள்.

தன் முன்னால் இருந்த பொத்தான்களை இரண்டு கையாலும் சேர்த்தாள், விரிப்பு மடிக்கிறவள் ஓரத்தை இழுத்துச் சேர்ப்பதுபோல. அத்தனையையும் நடுவில் தள்ளினாள்.

"எல்லாமே?" என்றார் மாஸ்டர்.

"எல்லாமே. கூட இன்னொண்ணு." அவள் பெயிண்டரைத்தான் பார்த்தாள். "வியாழக்கிழமையையும் வைக்கறேன். நான் ஜெயிச்சா உங்ககூட ஆஸ்பத்திரிக்கு வருவேன். நீங்க ஜெயிச்சா வர மாட்டேன். என்ன ஏதுன்னு இனிமே கேக்கவும் மாட்டேன், சத்தியமா."

"இதெல்லாம் வைக்கக் கூடாதும்மா" என்றார் மாஸ்டர். "வரம்பில்லன்னா முன்னால இருக்கற பட்டனுக்குத்தான் வரம்பில்ல. ரூல்னு ஒண்ணு இருக்கில்ல?"

"மாஸ்டர், உலகத்துல எந்த ரூல்ல படி கழுவறத வச்சு ஆடச் சொல்லியிருக்கு?" என்றாள் கேஷியர் பெண். "வாய மூடிட்டு உக்காருங்க."

மாஸ்டர் மூடிக்கொண்டார்.

பெயிண்டர் தன் இரண்டு சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பார்க்காமலே தெரியும் அவருக்கு, நேரம் கடத்துவதற்குப் பார்த்தார். நடுவில் கிடந்ததைப் பார்த்தார். அதில் பாதி எவ்வளவு என்று இந்த முறை எண்ண முடியாது. வியாழக்கிழமையில் பாதியை எப்படி எண்ணுவது? கவிழ்க்கலாம், அல்லது மொத்தத்துக்கும் ஈடாக வைக்கலாம். இரண்டே வழிதான் விட்டிருந்தாள்.

"கவுத்துட்டாலும் நான் ஜெயிச்ச கணக்குதானே?" என்று என்னைக் கேட்டாள்.

நடுநிலை தவறாமல் சொன்னேன். "ஆட்டம் உனக்குத்தாம்மா. ஆனா கவுத்துட்டா அவரு இதுவரைக்கும் வச்சது மட்டும்தான் உனக்கு. கடைசியா நீ வச்சது நீ திரும்ப எடுத்துக்கணும். வியாழக்கிழமை வந்த இடத்துக்கே போயிடும்."

"அப்ப தப்பிச்சுக்க அவருக்கு வழி இருக்கு" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

இருந்தது. மிகச் சுலபமான வழி. சீட்டை விரலால் தட்டிக் கவிழ்த்தால் போதும். நாலைந்து பொத்தான் போகும், டப்பாவில் நிறையவே இருக்கிறது. வியாழக்கிழமை நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாக இறங்கிப் போகலாம், சாயந்திரம் வந்து அளவான ஒரு பதில் சொல்லலாம். அவர் கை சீட்டின் மேல்தான் இருந்தது. கேஷியர் பெண் கன்னத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. வெளியே யாரோ சைக்கிளை வைக்க வந்து, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, சுவரோரம் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பெயிண்டர் கையை எடுத்தார். தன் பொத்தான்களை எண்ணவில்லை. முழங்கையால் அப்படியே நடுவுக்குத் தள்ளினார்.

"பாக்கறேன்" என்றார்.

அவள் தன் சீட்டைத் திருப்பினாள். ஒரு நாலு, ஒரு ராணி. நடுவில் கிடந்த நாலோடும் ஒன்பதுகளோடும் சேர்ந்து இரண்டு ஜோடி. பிரமாதமான கையொன்றும் இல்லை. மாஸ்டராக இருந்தால் இதை நம்பி முன்னால் இருக்கும் மொத்தத்தையும் தள்ளியிருக்க மாட்டார்.

"உங்களுது?" என்றேன் பெயிண்டரிடம்.

அவர் திருப்பவில்லை. நான்தான் திருப்ப வேண்டியிருந்தது. ஒரு ஏழு, ஒரு இரண்டு. நடுவில் இருப்பதில் எதோடும் சேராத சீட்டுகள். போட்ட முதல் நொடியிலேயே கவிழ்த்திருக்க வேண்டியவை. மிரட்டி ஓட்டுவதற்காக அதுவரை வைத்திருந்தார், அதுகூட ஆட்டம்தான். ஆனால் எதிராளி எல்லாவற்றையும் தள்ளிய பிறகு, அந்த இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு யாரும் 'பார்க்கிறேன்' என்று சொல்ல மாட்டார்கள். மூன்று ஞாயிறு ஆடியவருக்குக்கூட அது தெரியும்.

மாஸ்டர் வாயைத் திறந்தார். எதற்கென்று எனக்குத் தெரியும்: ஏன் இப்படி வைத்தீர்கள், எந்தக் கணக்கில் என்று கேட்கத்தான். கேஷியர் பெண் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தாள், பிரேக் போட்டதுபோல நின்றுவிட்டார்.

அவள் பொத்தான்களைத் தொடவில்லை. அந்த ஏழையும் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஜெயித்தவள் முகம்போல இல்லை.

"எத்தன மணிக்குங்க?" என்றாள்.

"பத்து." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒம்பதரைக்கே வந்துடச் சொன்னாங்க."

"கூட யாரையாவது கூட்டிட்டு வரச் சொன்னாங்களா?"

அவர் மேசையாகிக் கிடந்த கதவையே பார்த்தார். அதில் பழைய தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை. கட்டைவிரலால் ஒன்றைத் தடவினார்.

"சொன்னாங்க" என்றார்.

"சரி" என்றாள் அவள். எழுந்திருக்க மேசையைப் பிடித்தாள், மறுபடி உட்கார்ந்தாள். "ஹோட்டல்ல நாளைக்கே சொல்லிடறேன். குடுக்கலன்னா நானே எடுத்துக்கறேன்."

"அவன் கத்துவான்."

"கத்தட்டும்."

இரண்டு பேரும் எதிரெதிரே அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கேஷியர் பெண் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து என் பக்கம் நகர்த்தினாள். நான் கலைத்துக்கொண்டே இருந்தேன். போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.